நாலு விரல் தாராளம்

அந்த மாநாட்டு மையத்தில் ஆளுக்கொரு பதவி உண்டு. குளிர்சாதனத்தை ஏற்றி இறக்குகிறவருக்குக்கூடக் கண்ணாடிக் கதவும் பெயர்ப்பலகையும் கொடுத்திருந்தார்கள். தரையில் கோடு போடுகிறவருக்குக் கொடுத்தது ஓர் அளவு நாடா, ஒரு பெட்டி டேப், முழங்காலில் கட்டிக்கொள்ள இரண்டு ரப்பர் பட்டைகள். அடையாள அட்டையில் 'தள அமைப்பு உதவியாளர்' என்று போட்டிருந்ததை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. மேலாளரிலிருந்து வாயில் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர். நெருங்கியவர்களுக்கு வெறும் கோடு.

ஒரு கண்காட்சி முடிந்து இன்னொன்று வருவதற்குள், விமானம் நிறுத்துகிற அளவுக்குக் காலியாகக் கிடக்கும் ஹாலில் மண்டி போட்டுக்கொண்டு, வரைபடத்தில் உள்ளபடி இங்கே கடை, இங்கே நடைபாதை, இங்கே மேடை என்று தரையில் டேப் ஒட்ட வேண்டும். அதற்குமேல் கம்பம் நடுவார்கள், திரை கட்டுவார்கள், கம்பளம் விரிப்பார்கள். கம்பளம் விரித்தவுடன் அவருடைய வேலை மண்ணுக்குள் போனது மாதிரி மறைந்துவிடும். "என் வேலை கல்லீரல் மாதிரி. ஒழுங்கா இருக்கிறவரை யாருக்கும் ஞாபகம் வராது" என்று அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, யாராவது மறுத்துப் பேசுவார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். மறுத்ததில்லை.

பல் மருத்துவர்கள் மாநாட்டுக்கு அவர்தான் கோடு போட்டார். அந்தப் பற்களை எல்லாம் பெருக்கித் தள்ளிய கையோடு, பூனைகளின் அழகுப் போட்டிக்கும் அதே தரையில் அவர்தான் போட்டார். உலக அமைதி மாநாட்டுக்கும் போட்டார். அங்கே முதல் வரிசை நாற்காலிக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம், கோட்டில் குறை இல்லை.

வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சிக்கான வரைபடம் வந்த அன்று, அதை முழங்காலில் விரித்துக் கடைசிக் கடை வரை விரலால் மேய்ந்துகொண்டே போனவர், ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். கட்டத்துக்குள் 'சாய்மானம்' என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தை எங்கேயோ காதில் விழுந்ததாயிற்றே என்று யோசித்தார். எங்கேயோ என்ன, சொந்தச் சமையலறையில். ஒரு வாரமாக மனைவி வேலை செய்துகொண்டே அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் ஏதோ பாட்டு என்று நினைத்திருந்தார்.

மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"எங்க சென்டர்ல கடை எடுத்திருக்கியா?"

"ஆமா." அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"என்ன செஞ்சிருப்பேனா? அங்க நான் யாரு தெரியுமா? எப்பேர்ப்பட்ட இடமா பார்த்து..."

"அதுக்குத்தான் சொல்லல."

ஆயத்த ஆடைக் கம்பெனியில் வருஷக்கணக்காக மெஷின் முன்னால் குனிந்து குனிந்து இடுப்பைத் தொலைத்தவள் அவள். வேலை விட்டு வந்ததும் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்தான் கையைக் கொடுத்து எழுப்பிவிட வேண்டும். வேலையை விட்டபிறகு, முதுகுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஒரு தலையணையைத் தனக்காகத் தைத்தாள். அதைப் பிரித்து இன்னொன்று. அதையும் பிரித்து இன்னொன்று. கடைசியில் நாற்காலியில் கட்டிக்கொள்ள வார் வைத்து, கீழ்முதுகில் உப்பலும் தோளருகே தட்டையுமாக ஒன்று அமைந்தது. இப்போது வீட்டில் நடக்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் தலையணை.

"கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டார்" என்றாள். "திங்கக்கிழமைலேர்ந்து ஒரு மெஷின் காலியாம். வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். இந்தக் கண்காட்சியில ஓடுச்சுன்னா ஓடுச்சு. இல்லன்னா போய் அந்த மெஷின்லயே உட்கார வேண்டியதுதான்."

அவருக்கு அந்த வெறுந்தரை நினைவுக்கு வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என் கடை விஷயத்துல எதையும் சரி பண்றேன்னு வராதீங்க."

"நான் எதைச் சரி பண்ணிக் கெடுத்திருக்கேன்?"

அவள் போன மாதம் அவர் பழுதுபார்த்த அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். அதன் இடது கதவு இப்போதெல்லாம் உதைத்தால்தான் திறக்கும். உதைத்தால் வலது கதவும் சேர்ந்து திறக்கும்.

மறுநாள் மதியம் கோட்டுக்காரர் கோடு போட உட்கார்ந்தபோது, மனசுக்குள் அவருக்கும் அவருக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. வராதீங்க என்றுதானே சொன்னாள்? நான் எங்கே அவள் கடைக்குப் போகிறேன்? கடை இன்னும் முளைக்கவே இல்லையே. இது வெறும் தரை. தரை என் எல்லை.

பலகைத் தடுப்பாக இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை. பலகை ஒரே அளவில் வரும், இழுத்தாலும் வராது. சின்ன வியாபாரிகளின் கண்காட்சி என்பதால் இதற்குத் திரைத் தடுப்பு. கம்பத்துக்குக் கம்பம் குழாயை நீட்டிக்கொள்ளலாம், சுருக்கிக்கொள்ளலாம். வரிசையில் அவள் கடைக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு கடையிலும் நாலு விரல் கிள்ளினால் யாருக்குத் தெரியப்போகிறது? நாலு விரல் இடத்தில் யாரும் குடித்தனம் நடத்தப்போவதில்லை. கிள்ளியதை எல்லாம் கொண்டுபோய் ஒரே இடத்தில் கொட்டினால், அந்த வரிசையிலேயே அகலமான கடை மனைவியுடையது. உள்ளே வந்து பார்த்ததும் அவள் முகத்தில் வரப்போகிற ஆச்சரியத்தை அவர் டேப் ஒட்டிக்கொண்டே பலமுறை பார்த்துவிட்டார். 'எப்படிங்க இவ்வளவு இடம்?' என்பாள். 'எனக்கென்ன தெரியும்' என்பார். அதைச் சொல்கிற தொனியைக்கூட ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

தலை நிமிராத வேலை அது. மூக்குக்குக் கீழே தரை, நாடா, டேப், அவ்வளவுதான். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு எப்போதோ போய்விட்டது.

கண்காட்சி தொடங்கும் நாள் காலையில், மனைவி தலையணை மூட்டைகளோடு வந்து சேர்ந்தாள். வழியில் தற்செயலாகப் பார்த்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கோட்டுக்காரர் பின்னாலேயே போனார். திரை கட்டியாகிவிட்டது, கம்பளம் விரித்தாகிவிட்டது. மனைவி கடை வாசலில் நின்றாள். மூட்டையைக் கீழே வைத்தாள்.

கடைக்குள்ளே ஒரு தூண் நின்றுகொண்டிருந்தது.

ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் விரல்நுனிகள் தொட்டுக்கொள்ளும் பருமன். நடைபாதையை ஒட்டி, வாசலில் காலை அகட்டிக்கொண்டு நிற்கிற வாயிற்காவலன் மாதிரி நின்றது. அதற்கும் இடப்பக்கத் திரைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து.

கோட்டுக்காரருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த ஹாலில் தூண்கள் எங்கெங்கே வருகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றும் இரண்டு கடைகளுக்கு நடுவில் எல்லைக்கோட்டில் விழும்படிதான் வரைபடம் போடுவார்கள். பாதி இந்தக் கடை மூலைக்கு, பாதி அந்தக் கடை மூலைக்கு, ஒருவருக்கும் உபத்திரவம் இல்லை. அவர் நாலு நாலு விரலாக எல்லையைத் தள்ளிக்கொண்டே வந்ததில், எல்லை தூணைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. கடை பெரிதானது உண்மை. பெரிதான இடம் முழுக்கத் தூணுக்கும் சந்துக்கும் போனதும் உண்மை.

பக்கத்துக் கடையில், மசாஜ் நாற்காலி விற்கிறவர் மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, ப்ளான்ல பாதித் தூண் என் தலையில இருந்துச்சு. இப்ப பாருங்க, வாசல் பளிச்சுன்னு இருக்கு! கோடு போட்ட மகராசன் யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவேன்."

கோட்டுக்காரர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"தூண்."

"அது தெரியுது. எப்படி இங்க வந்துச்சு?"

"அது... ரொம்ப நாளா அங்கதான் இருக்கு."

பொய் சொல்லவில்லை என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே, வரிசையின் அந்தக் கோடியில் சத்தம் கிளம்பியது. எவர்சில்வர் ரேக் விற்கிறவர், கடை அகலத்துக்குச் சரியாக ரேக் செய்து கொண்டுவந்திருந்தார். அது உள்ளே நுழைய மறுத்தது. கண்காட்சி நடத்துகிற அம்மாள் ஒரு காதில் கைபேசியும் ஒரு கையில் அளவு நாடாவுமாக ஓடி வந்து, ஒவ்வொரு கடையாக அளந்துகொண்டே இந்தக் கோடிவரை வந்துவிட்டார். வந்தவர் கோட்டுக்காரரைப் பார்த்தார்.

"வரிசை முழுக்க ஒரே மாதிரி குறையுதே. எப்படிங்க?"

"தரை மேடம்... வெயிலுக்கு விரியும், அப்புறம் சுருங்கும்..."

"ஏசி ஹால்ல ஏதுங்க வெயில்?"

நல்ல கேள்விதான். அம்மாள் மனைவியின் கடையையும் அளந்தார். நாடாவைப் பார்த்தார், மனைவியின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், கோட்டுக்காரரைப் பார்த்தார். யாரோ ஏற்கெனவே காதில் போட்டிருக்க வேண்டும்.

"இவங்க உங்க வீட்டம்மா தானே? ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை காட்டினா கடையையே எடுத்துடணும்னு விதி இருக்கு, தெரியும்ல?"

தெரியாது. ஊர் அவருடைய அடையாள அட்டையைப் படித்த லட்சணத்தில்தான் அவர் விதிப் புத்தகத்தைப் படித்திருந்தார். நாடா பழசு, தேய்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தான் தப்பலாம்; ஆனால் சந்தேகம் அவள்மேல் நிற்கும். மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற மனைவி இடுப்பில் கை வைத்திருந்தாள். கோபத்தில் அல்ல, வலியில். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

"மேடம், அவளுக்கு எதுவும் தெரியாது. எதையும் செய்யாதீங்கன்னுதான் சொன்னா. நான்தான் எல்லார்கிட்டயும் நாலு விரல் திருடி இங்க கொண்டுவந்து போட்டேன். தூணை... பார்க்கல."

"இவ்வளவு பெரிய தூணையா?"

"நான் மேல பார்க்கிறதில்லைங்க மேடம்."

மசாஜ் நாற்காலிக்காரர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற உத்தேசத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டார். மனைவி முன்னால் வந்தாள்.

"நான் பெரிய கடை கேட்கல மேடம். சின்னதாத்தான் கேட்டேன். தூண் இல்லாம கேட்டேன்."

அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கப் பார்த்து இருமினார். "திறக்கிற நேரத்துல வரிசையைப் பிரிக்க முடியாது. ரேக்கை நீளவாக்குல போட்டுக்கச் சொல்றேன். உங்களுக்கு இதைச் சலுகைன்னு யார் சொல்லப்போறாங்க, தண்டனைன்னு வேணா சொல்லலாம். பின்வாசல்ல, கழிப்பறைக்குப் பக்கத்துல ஒரு கடை காலியா இருக்கு. போறீங்களா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம் மேடம். அங்க கூட்டம் அவசரமா வரும், அவசரமா போகும். தலையணை பார்க்க யார் நிப்பாங்க? இங்கயே இருக்கேன்."

அம்மாள் போனதும் கோட்டுக்காரர் மூட்டையைப் பிரிக்கக் கையை நீட்டினார்.

"போங்க" என்றாள் மனைவி.

"இல்ல, இதை மட்டும்..."

"கத்தணும்னா கத்தியிருப்பேன். கத்தல. போயிடுங்க."

அதைவிடக் கத்தியிருக்கலாம்.

மேலாளர் அவரை அடுத்த ஹாலுக்கு மாற்றிவிட்டார். அங்கே ஏதோ வேலைக்கான நுழைவுத் தேர்வு. ஹால் நிறைய நாற்காலி போட வேண்டும். ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாத இடைவெளி. கோட்டுக்காரர் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக அளந்ததில்லை. ஒரு நாற்காலிக்குக்கூட ஒரு நூல் அதிகமும் தரவில்லை, குறைக்கவும் இல்லை. நடுநடுவே நிமிர்ந்து தூணையும் பார்த்துக்கொண்டார். தூண்கள் எல்லாம் இவரைப் பார்த்தே சிரிப்பதுபோல் இருந்தன.

சாமான் தூக்கும் வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய பழைய கூட்டாளி. ஹாலுக்கு ஹால் போய் வருகிறவர் என்பதால் செய்திக்குப் பஞ்சமில்லை.

"யோவ் கோடு, உன் கடைக்குப் போய்ப் பார்த்தேன்யா."

"என் கடை இல்ல. அவ கடை. எப்படி இருக்கு?"

"மசாஜ் நாற்காலியில ஓசியா உட்காரக் கூட்டம் நெரியுது. வரிசையில நிக்கிறவங்க எல்லாம் கால் கடுத்துப்போய் உங்க தூண்ல சாஞ்சு நிக்கிறாங்க. உன் வீட்டம்மா கடைக்குள்ள என்ன இருக்குன்னே வெளிய தெரியல."

கோட்டுக்காரர் நாற்காலியைப் போட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். வலிக்கிற இடுப்போடு உள்ளே ஒருத்தி, வாசலை மறைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட முதுகுகள். இதற்குத்தானா இத்தனை தையல்? திங்கட்கிழமை மெஷின் அவளுக்காகக் காத்திருக்கிறது. அதற்கு வழிகாட்டிக் கோடு போட்டுக் கொடுத்தது தான்தான்.

அடுத்த நடை வந்தபோது கூட்டாளி வண்டியை நிறுத்தாமலே கத்தினார்.

"யோவ், உன் வீட்டம்மா தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கய்யா!"

"என்னது? அழுவுறாளா?"

"முகம் தெரியல. தூண் மறைக்குது!"

கோட்டுக்காரர் நாடாவை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். ஊழியர் வழியாகப் போனால் மேலாளர் கண்ணில் படும். வெளியே போய்ச் சுற்றி வந்து, பெரிய வாசலில் பொதுமக்களோடு பொதுமக்களாக நுழைந்தார். வாசல் காவலாளி, "என்ன கோடு, வீட்டுக்குச் சாமான் வாங்கவா?" என்றதற்கு, "சாமான் போகாம பார்த்துக்க" என்று உளறிவிட்டு ஓடினார். போகிற வழியெல்லாம் என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று வாக்கியங்களை அடுக்கினார். ஒரு வாக்கியமும் நிற்கவில்லை.

அவள் அழவில்லை. தூணைச் சுற்றித் தலையணை கட்டியிருந்தாள்; நழுவியதை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தலையணையின் வாரை இன்னொன்றின் வாரோடு முடிந்து, தூணுக்கு ஒட்டியாணம் போட்ட மாதிரி மூன்று பக்கமும் கட்டியாகிவிட்டது. அதில் மூன்று பேர் முதுகைக் கொடுத்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி கண்ணை மூடி நின்றார்கள். காலையிலிருந்து நடந்து நடந்து நொந்துபோன ஜனம். உட்கார்ந்தால் வாங்க மாட்டார்கள் என்று அந்த ஹாலில் எங்கும் ஒரு பெஞ்சுகூடப் போடுவதில்லை. சாய ஓர் இடம் கிடைத்ததும் நகர மனமில்லை அவர்களுக்கு. மசாஜ் வரிசையில் நின்ற ஓர் அம்மாள் தன் முறை வந்தும் போகாமல், "இதுவே போதும் போலிருக்கே. கரண்டு வேண்டாமா இதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேண்டாம்மா. முதுகு ஒண்ணு இருந்தாப் போதும்" என்றாள் மனைவி.

அடித்துப் பிடித்து வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. சாய்ந்தவர்களில் பாதிப் பேர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மீதிப் பாதி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஆனால் மூட்டைகளில் ஒன்று காலியாகி மடித்துக் கிடந்தது.

கோட்டுக்காரர் சாய்கிறவர்களின் வரிசையில் போய் நின்றார். வேறு எப்படி அவள் முன்னால் போவது என்று தெரியவில்லை. முறை வந்ததும் அவள் பார்த்துவிட்டாள். ஒரு நொடி முறைத்தாள். பின்னால் ஆட்கள் இருந்தார்கள்.

"செருப்பைக் கழட்ட வேண்டாம் சார். அப்படியே சாயுங்க."

சாய்ந்தார். வீடு நிறையத் தலையணை கிடந்தும் அவர் ஒன்றில்கூடச் சாய்ந்து பார்த்ததில்லை. எனக்கென்ன முதுகுவலி என்ற வீறாப்பு. இப்போது அந்த உப்பல் கீழ்முதுகில் சரியாகப் போய் உட்கார்ந்தது. தோளருகே இருந்த தட்டை, தோளுக்குச் சொல்லிவைத்த மாதிரி பொருந்தியது. காலமெல்லாம் மண்டி போட்ட உடம்பு ஒரு பெருமூச்சு விட்டது, அவரைக் கேட்காமலே.

"இது யார் அளவு?" என்றார் மெதுவாக.

"வீட்டுல ஒருத்தர் குப்புறப் படுத்துத் தூங்குவார். என் முதுகை நானே அளக்க முடியாதில்ல? அவர் முதுகுலதான் நாடா வச்சுப் பார்த்தேன்."

அவர் கண்ணை மூடி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்தார். பின்னாலிருந்து ஒருவர், "சார், தூங்கறதா இருந்தா வாங்கிட்டுப் போய்த் தூங்குங்க" என்றார். கோட்டுக்காரர் நகர்ந்து, சந்து வழியாக ஒருக்களித்துக் கடைக்குள் போய் நின்றார். மனைவி விரட்டவில்லை.

"திங்கக்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

"சூப்பர்வைசருக்கு போன் பண்ணிட்டேன்."

"வர்றேன்னா?"

"வேற ஆளைப் பாருங்கன்னு." ஒரு தலையணையை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்குச் சாஞ்சவங்க முகத்தைப் பார்த்தப்புறம் அந்த மெஷின்ல போய் உட்கார முடியாது. மரம் மாதிரி நிக்காம இதைப் பையில போடுங்க. வார் உள்ள போகணும். அப்படி இல்ல. மடக்கி."

மடக்கினார். வார் வெளியே வந்தது. அவள் பிடுங்கி ஒழுங்காக மடித்து, செய்து காட்டித் திரும்பக் கொடுத்தாள். தூணையும் தலையணையையும் மாறி மாறித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவரிடம் கேட்டார்.

"கடை உங்களுதா தம்பி?"

"இல்லீங்க ஐயா. அவங்களுது. நான் வேலைக்கு இருக்கேன். இன்னிக்குத்தான் சேர்ந்தேன்."

"இன்னும் நிரந்தரம் ஆகல" என்றாள் மனைவி, அடுத்த பையை அவர் பக்கம் நகர்த்தியபடி.